பாஞ்சாலி அக்கா ஏரோப்ளேன் பார்க்கப் போனாள்

என் அக்கா பாஞ்சாலியோடு ஒரே ஒரு நாள் கடைக்குப் போய்வாருங்கள், அப்புறம் நீங்களே என்மேல் பரிதாபப்படுவீர்கள். கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கூடையைக் கவிழ்த்து அடியில் கிடப்பதை எடுத்துப் பார்ப்பவள் அவள். விழுப்புரம் மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தால் இரண்டு கடைக்காரர்களாவது கூடையைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். இப்படிப்பட்டவள், மகன் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்குப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பினாள். கூடவே இழுபட்டவன் நான்.

நான் முருகையன். திண்டிவனத்தில் ஒன்பது மெஷின் வைத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை என்ற ஊரில். நான் அவளுக்கு எட்டு வயது இளையவன் என்பதால் இன்றுவரை என்னை யாரும் கேட்டுவிட்டு எங்கேயும் கூப்பிட்டதில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்கு வேலை இல்லை, இந்த இரண்டும் அவள் முடிவு செய்த விஷயங்கள். இரண்டாவது பொய் என்று பத்து வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீனுவாசன் மாமா அரசு பஸ் டிரைவர். டிப்போவில் ஒரு நோட்டு உண்டு. டூட்டி முடித்து வண்டியை விடுகிற டிரைவர், வண்டியில் என்ன கோளாறு என்று அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுதினால் வண்டி ஷெட்டுக்குப் போய்விடும், அடுத்த டிரைவருக்கு டிரிப் போய்விடும். அதனால் பெரும்பாலானவர்கள் ‘கோளாறு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். மாமா மட்டும் உட்கார்ந்து எழுதுவார். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது. பின்சீட்டுக் கம்பியில் வெல்டிங் விட்டிருக்கிறது. வைப்பர் பாதியில் நிற்கிறது. வைப்பருக்கெல்லாம் எழுதுகிறானே என்று ஷிப்டு மாறும் டிரைவர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் கல்யாணத்துக்கு டிப்போவிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். இப்படிப்பட்ட மனிதரோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவள் என் அக்கா.

மாமா எண்பத்திரண்டில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கிப்போட்ட பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. முத்துசாமி என்று ஒரு டிரைவரை வைத்து அக்கா அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாள். காணையைச் சுற்றிக் கரும்பு நட, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட என்று வண்டிக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். முத்துசாமி இல்லாமல் வேறு யாராவது வண்டியை எடுத்துப்போக வந்தால் அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுவாள்: கிளட்ச் கொஞ்சம் பிடிக்கும், ரிவர்ஸ் விழ நேரமாகும், இறக்கத்தில் நியூட்ரல் போடாதே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு பேரில் ஒருவன், வண்டியே வேண்டாம் என்று போய்விடுவான். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று நான் கேட்டால், அது என் தலையெழுத்து, நீ டைப் அடி என்பாள்.

அவளுக்கு ஒரே மகன் தேவநாதன். பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் நன்றாகப் போட்டான். விழுப்புரம் காலேஜில் சேர்ந்து இரண்டாம் வருஷம் படிக்கும்போது, விமானம் ஓட்டப்போகிறேன் என்று ஒரு நாள் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எத்தனை மணி நேரம் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று கேட்டாள். இருநூற்று ஐம்பது என்றான். எங்கள் குடும்பத்தில் ஒரு பையன் வானத்தில் பறக்கப்போவதாகச் சொன்னால் அம்மாக்காரி கேட்கிற முதல் கேள்வி இது.

எண்பத்துமூன்று டிசம்பரில் மாமாவின் வாரிசு வேலைக்கு உத்தரவு வந்தது. தேவநாதனுக்குக் கண்டக்டர் வேலை. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் வந்து சேர வேண்டும், சேராவிட்டால் உரிமை போய்விடும். ஊரில் இந்த வேலைக்காகக் கோர்ட்டு வரை போனவர்கள் உண்டு. கண்டக்டர் பையைப் பிடித்தால் விமானம் போய்விடும். விமானத்தைப் பிடித்து அது வழுக்கினால் இரண்டும் போய்விடும். நான் கண்டக்டர் பைக் கட்சி. அக்கா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். எதைப் பார்த்துவிட்டு என்றால், ஏரோப்ளேனை.

தென்னிந்தியாவில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் கிளப்புகளின் விலாசத்தையெல்லாம் தேவநாதன் எங்கேயிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் நான் டைப் அடித்தேன். வந்த பதில்களில் மூன்று தேறின. மூன்றிலும் கடைசியில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: பெங்களூரில் முதல் தர மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இடம். அதை நான் அக்காவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். முதலில் டாக்டரிடம் போவோம், உடம்பு சரி என்று தெரிந்த பிறகு ஊர் ஊராகச் சுற்றுவோம் என்றேன். இதைவிட நியாயமான பேச்சை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எம் புள்ளைக்கு என்னா ஒடம்பு? கல்லத் தின்னா செரிக்கிற வயசு. ஒண்ணும் இல்லாதப்ப டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா, இல்லாதத வரவெச்சுக்கற மாதிரி ஆவும். மொதல்ல எடத்தப் பாக்கலாம் தம்பி” என்றாள். தேவநாதனும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டான். அவனுக்கு விமானத்தைப் பார்க்கும் அவசரம். நான் இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் கிளப் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் வம்பு வரும், வேண்டாம். அழகான கட்டடம். சுவரெல்லாம் படம். பையன்கள் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை என்று மாப்பிள்ளைகள் மாதிரி நடந்தார்கள். செயலாளர் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார், வழவழவென்று அச்சடித்த புத்தகம் கொடுத்தார். ஐந்து விமானங்கள் புல்வெளியில் வரிசையாக நின்றன, துடைத்து வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி. தேவநாதன் காபியை ஆறவிட்டு அவற்றையே பார்த்தான். நானே மனது மாறி, கண்டக்டர் பையை மறந்துவிட்டேன்.

அக்கா காபியைப் பாதியில் வைத்துவிட்டு விமானத்திடம் போனாள். தொடக்கூடாது என்றார் செயலாளர். தொடவில்லை என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். கொஞ்சம் தள்ளச் சொல்லு தம்பி என்றாள். எனக்கு மானமே போயிற்று. செயலாளர் பெரிய மனது பண்ணி, காவலாளியைக் கூப்பிட்டு விமானத்தை ஒரு முழம் தள்ளவைத்தார். சக்கரம் நின்ற இடத்தில் புல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கல்லைப் புரட்டினால் அடியில் இருக்குமே, அந்த மாதிரி. அடுத்ததைத் தள்ளச் சொன்னாள். அதிலும் அப்படித்தான். மூன்றாவதிலும் அப்படித்தான். நான்காவதைத் தள்ள அவர்கள் சம்மதிக்கவில்லை.

“நவுந்து ஒரு மாசம் ஆவுது” என்று என்னிடம் சொன்னாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற நினைப்பில் உரக்கவே சொன்னாள். செயலாளருக்கு நன்றாகவே தமிழ் தெரியும். வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் வர வேண்டும், பெட்ரோல் தட்டுப்பாடு, அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அவர். அக்கா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் தேவநாதன் குதித்தான். புல்லைப் பார்த்து யாராவது காலேஜ் தேடுவார்களா என்று கேட்டான். என்னிடமும் நியாயம் கேட்டான். நான் அவன் பக்கம்தான். வாடகைக்கு வண்டி கேட்டு வருகிறவன் மணிக்கு என்ன ரேட்டு என்றுதான் கேட்பான், வண்டி ஓடுகிறதா என்று கேட்பவன்தான் விவரமானவன் என்று அக்கா சொன்னாள். பிறகு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இரண்டாவது கிளப்பில் உள்ளேயே போகவில்லை. வாசலில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே வந்த பையன்களிடம், நீ எத்தனை மணி ஓட்டியிருக்கிறாய் தம்பி, சேர்ந்து எத்தனை வருஷம் என்று ஒவ்வொருவனாகக் கேட்டாள். ஒருவன் பறந்த மணிகளைக் குறித்து வைக்கும் நோட்டையே கொடுத்துவிட்டான், நான் படித்துச் சொன்னேன். இரண்டே கால் வருஷத்தில் நாற்பத்தாறு மணி. சொல்லிக்கொடுக்கிறவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், புது ஆள் வரவில்லையாம். அந்தப் பையனுக்கு அக்கா இரண்டு வடை வாங்கிக் கொடுத்தாள். அவன் அம்மா அங்கே இருந்திருந்தால் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள் போல, அப்படி ஒரு முகம் அக்காவுக்கு.

ஜனவரியில் பொங்கல் கழிந்து மூன்றாவது கிளப்புக்குப் போனோம். தகரக் கொட்டகை, இரண்டே விமானம், இரண்டிலும் பெயின்ட் உரிந்திருந்தது. காபி இல்லை, புத்தகம் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் தேவசகாயம், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்தார், இப்போது பேச நேரமில்லை, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பையனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் கிடந்தோம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. அக்கா விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினோரு தடவை இறங்கியது என்றாள்.

கொட்டகைத் தூணில் கயிற்றில் கட்டி ஒரு நோட்டு தொங்கியது. அது என்ன என்று பார்க்கச் சொன்னாள். விமானத்தை விட்டு இறங்குகிற ஒவ்வொருவனும் என்ன கோளாறு என்று எழுதுகிற நோட்டு. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படி என்றாள். கதவுத் தாழ் இறுகவில்லை. எண்ணெய் கசிகிறது. வால் சக்கரம் ஆடுகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரில், சரிசெய்யப்பட்டது என்று மெக்கானிக் கையெழுத்து, தேதி. ஆறு பக்கம் படிக்கவைத்தாள். முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“இங்கயே சேத்துடலாம் தம்பி” என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பளபளவென்று நின்ற ஐந்து விமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகக் கோளாறு எழுதி வைத்திருக்கும் இரண்டு விமானத்தைத் தேர்ந்தெடுத்தவள் இந்த உலகத்திலேயே என் அக்கா ஒருத்திதான். தேவநாதனோ, அவன் வயதுப் பையன் ஒருவன் தனியாக விமானத்தை இறக்கிக்கொண்டிருந்ததை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவசகாயம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வருஷத்துக்கு ஆறு பேர்தான், ஐந்து பேர் சேர்ந்தாகிவிட்டது, ஏப்ரல் முதல் தேதி மருத்துவச் சான்றோடு வந்தால் ஆறாவது இடம் இவனுக்கு, இல்லாவிட்டால் அடுத்து எழுதியிருக்கும் பையனுக்கு என்றார். மெடிக்கல் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகவில்லை என்றதும் என்னைத்தான் முறைத்தார். அதைத்தானே முதலில் செய்வார்கள் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா விமானத்தைப் பார்த்தாள்.

வாரிசு வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். மெடிக்கல் முடியட்டும், அதுவரை பொறு என்று கெஞ்சினேன். பெங்களூரில் தேதி கிடைத்ததோ பிப்ரவரி கடைசியில், வேலையில் சேரக் கடைசி நாளோ ஜனவரி முப்பத்தொன்று. தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு அப்புறம் விட்டுவிடலாமே என்றேன். அவனுக்குப் பின்னால் வரிசையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறான், அவன் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்றாள். கோபத்தில் நான் மூன்று தடவை தப்பாக அடித்து, நான்காவது தாளில் முடித்தேன். பயிற்சிக் கட்டணத்துக்காகத் தங்களுடைய ரோட்டோரத்து இரண்டு ஏக்கர் நிலத்தை விற்கவும் பேசி முடித்துவிட்டாள். அதை எனக்குச் சொல்லக்கூட இல்லை.

பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை அவள் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பிள்ளை டாக்டர் முன்னால் நிற்கப்போகிறான், நன்றாகக் காது கேட்க வேண்டும், கண் தெளிய வேண்டும் என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தாள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, இரண்டு காதிலும் வழிய வழிய விட்டுப் பஞ்சை அடைத்தாள். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத வீடு கிடையாது, எனக்கும் என் அம்மா விட்டிருக்கிறாள். ஆனால் எங்களை யாரும் பெங்களூருக்கு அனுப்பவில்லையே.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போனோம். கண், இருதயம், இரத்தம், எல்லாம் பிரமாதம் என்றார்கள். கடைசியில் காது டாக்டர். எங்களையும் உள்ளே கூப்பிட்டார், தமிழ் பேசுகிறவர். இந்தக் காதுக்குள் யார் எண்ணெய்ச் செக்கு வைத்தது என்று கேட்டார். சுத்தம் பண்ணிவிட்டு மறுபடி பார்த்தார். வலது காதுக்குள் வீங்கியிருக்கிறது, ஆனால் இது பெரிய விஷயமில்லை, புதிதாக வந்தது என்றார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, சின்ன வயதில் எப்போதாவது காதில் சீழ் வந்ததா என்று சும்மா கேட்டார். இல்லை என்றான் தேவநாதன்.

அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. ஆறு வயதில் காதுவலி என்று அழுதபோது, அக்கா எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் விட்டுவிட்டாள். பிள்ளை அலறிய அலறல் தெருக்கோடிவரை கேட்டது. ஒரு மாதம் சீழ் வடிந்தது. நான் அக்காவின் காலை என் செருப்பால் அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம். என் ஜன்மத்தில் நான் அவளுக்கு இட்ட ஒரே உத்தரவு.

“வந்துதுங்க” என்றாள் அக்கா. “வலது காது. ஆறு வயசுல. நான்தான் சுடச்சுட எண்ணெய ஊத்திட்டேன். ஒரு மாசம் ஒழுகிச்சிங்க.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வேறொரு கருவியை எடுத்தார். இந்தத் தடவை நிறைய நேரம் பார்த்தார். காதின் சவ்வில், ஓரத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. மேலே ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறும், சவ்வு இப்படி இருந்தால் தாங்காது, தலை சுற்றலாம், ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும் என்றார். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதினார். எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடாது, தானாக மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, மூடாமலும் போகலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மூன்று மாதம் என்றால் மே கடைசி. இடம் இருப்பதோ ஏப்ரல் முதல் தேதி வரை.

வெளியே வந்து கட்டடத்து நிழலில் நின்றோம். என்னால் அடக்க முடியவில்லை. வேலையும் போயிற்று, இடமும் போயிற்று, அந்த மனுஷன் கையெழுத்துப் போட இருந்தார், உனக்கு எதற்கு இந்த வாய் என்று கேட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவநாதன் கத்தவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் முகத்தையே பார்க்காமல், “என் காத நீயே கெடுத்த. அத நீயே போய்ச் சொன்ன” என்றான்.

“ஆமாண்டா, நான்தான் கெடுத்தேன்” என்றாள் அக்கா. நாற்பத்தைந்து வயது வரையில் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத வாய் அது. “அதான் சொன்னேன். உங்கப்பா வைப்பர் ஓடலன்னாகூட எழுதிட்டு வருவாரு. கூட உக்காந்து வர்ற ஜனங்களுக்கு அது தெரியாது, ஓட்றவனுக்குத்தான் தெரியும்னுவாரு. உன் காதப் பத்தி எனக்குத் தெரியும். நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?”

அவன் எட்டு மணி நேரப் பஸ்ஸில் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். கிருஷ்ணகிரியில் அக்கா இட்லி வாங்கிக் கொடுத்தாள், அவன் கையை நீட்டவில்லை. அந்தப் பொட்டலத்தை விழுப்புரம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமும் ஆற்றாமையும் சேர்ந்து வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி தேவசகாயத்திடம் போனோம். ஒரு கார்டு எழுதிப்போட்டால் போதும் என்று நான் சொன்னேன். நேரில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். டாக்டர் சீட்டை அவர் இரண்டு தடவை படித்தார். வெளியில் தெரியாத சின்ன ஓட்டை, பையனுக்கு ஞாபகமில்லை, அப்புறம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நான்தான் சொன்னேங்க என்றாள் அக்கா. அவர் தூணில் தொங்கிய நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்து, ஏப்ரல் இடத்தை அடுத்த பையனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனிதரை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று சொன்னார். காலேஜையும் விட்டுவிட்ட பையன் சும்மா வீட்டில் உட்கார வேண்டாம், இங்கே வந்து விமானம் கழுவட்டும், மெக்கானிக்குக்குக் கூடமாட நிற்கட்டும், வானிலை, வழி கண்டுபிடிப்பது என்று எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கட்டும். காது மூடினால் அடுத்து காலியாகும் இடம் அவனுக்கு. மூடாவிட்டால் இடம் இல்லை, அவ்வளவுதான் என்றார். தேவநாதன் சரி என்றான். அம்மாவிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னான்.

மே கடைசியில் போனபோது ஓட்டை பாதி மூடியிருந்தது. இன்னும் மூன்று மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதமும் அக்கா வீட்டில் நல்லெண்ணெய்க் குப்பியையே உள்ளே விடவில்லை. தோசைக்குக்கூட மல்லாட்டை எண்ணெய்தான். மகன் எங்கோ தகரக் கொட்டகையில் இருக்கிறான், இவள் காணையில் எண்ணெயை ஒளித்து வைப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்தது மாமா போனபோது மட்டும்தான். மகன் ஊருக்கு வரும்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான், சாப்பிடுவான், போய்விடுவான். காதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் சவ்வு மூடியிருந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். அக்டோபரில் ஒரு பையன் உடம்பு சரியில்லாமல் விலகியதால் தேவநாதனுக்கு இடம் கிடைத்தது. முதல் கிளப்பில் அந்த ஐந்து விமானமும் இன்னும் அதே இடத்தில் நிற்பதாக யாரோ சொன்னார்கள். அக்காவிடம் சொன்னேன். புல்லை நினைத்துப் பார்த்தாளோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினாள்.

எண்பத்தைந்து ஜனவரியில் தேவசகாயம் அவனைத் தனியாக விடப்போவதாகக் கார்டு வந்தது. மறுபடி இன்ஸ்டிடியூட்டுக்குப் பூட்டு. அதே வேப்பமரம். அக்கா மரத்தடியில் உட்காரவில்லை, வெயிலில் நின்றாள். விமானம் ஓடியது, மேலே எழும்பியது, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம் இருக்கும். அந்த ஏழு நிமிஷமும் அவள் தன் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டுக் குதித்தது, நின்றது. பையன்கள் கைதட்டினார்கள்.

அடுத்து மூன்று பையன்கள் வரிசையில் காத்திருந்தார்கள். தேவநாதன் இறங்கினான். அம்மா நிற்பதைப் பார்த்தான், ஆனால் அவளிடம் வரவில்லை. நேராகத் தூணுக்குப் போய் நோட்டை எடுத்து எழுதினான். மெக்கானிக் வந்து படித்தார், விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். இன்னொரு விமானம் ஏற்கெனவே பிரித்துக் கிடந்தது. மூன்று பையன்களுக்கும் அன்றைய பறப்பு போயிற்று. ஒருவன், தனியா ஏறின அன்னிக்கே ஆரம்பிச்சிட்டானே என்று காதுபடவே முணுமுணுத்தான். மூன்று பேரும் தேவநாதனை முறைத்த முறைப்பு, டிப்போவில் மாமாவை முறைத்த அதே முறைப்பு.

அப்புறம்தான் அவன் எங்களிடம் வந்தான். பெங்களூர் போய்வந்து பதினோரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“வலது பக்கம் பிரேக் இழுக்குதும்மா” என்றான். “எழுதிட்டேன்.”

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, போய் அந்த நோட்டைப் படித்துக் காட்டு தம்பி என்றாள். எனக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது, பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டிருந்தது. நான் படித்தேன்.